ரோமில் எதற்குக் காசு, எதற்குக் காசு இல்லை

வத்திக்கானில் புதன்கிழமைதோறும் திருத்தந்தை, அதாவது போப், மக்களைச் சந்திக்கும் பொது நிகழ்ச்சி நடக்கும். அதற்கு நுழைவுச்சீட்டு உண்டு, விலை கிடையாது. சீட்டைத் தருவது வத்திக்கானின் சொந்த அலுவலகம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, வெண்கலக் கதவருகே நிற்கும் சுவிஸ் காவலர்களிடம் முந்தின நாள் பிற்பகலில் வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு நண்பகலில் சன்னலில் நின்று அவர் சொல்லும் மூவேளை செபத்துக்கு அதுகூட வேண்டாம், புனித பேதுரு சதுக்கத்தில் போய் நின்றால் போதும். ஆனாலும் இந்த இலவசச் சீட்டை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றி சொல்லி வாங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ரோமில் பயணிகள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி கத்தியைக் காட்டிப் பறிக்கப்படுவதில்லை. இப்படிக் கேட்டு வாங்கப்படுகிறது.

இதை நான் குமரி மாவட்டத்துக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நட்டாலத்தில் பிறந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயத்தை, 2022 மே 15 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். கோட்டாறு சவேரியார் கோவிலில் அவர் கல்லறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ரோம் அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது. பங்கு மக்கள் குழுவாகப் போகிறார்கள். அங்கே படிக்கும் சாமியாரையோ கன்னியர் மடத்தில் இருக்கும் சொந்தக்காரரையோ பார்க்கக் குடும்பமாகப் போகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் ஐம்பது, அறுபது வயதில்.

ஆனால் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சுற்றுலாத் தொழிலை நாம் கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். கன்னியாகுமரியில் ரயிலைவிட்டு இறங்கும் வடநாட்டுக் குடும்பத்தை எப்படிப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம், எந்த லாட்ஜுக்குக் கூட்டிப்போனால் எவ்வளவு கமிஷன், 'ஒரிஜினல்' முத்துமாலைக்கு முதலில் என்ன விலை சொல்லவேண்டும் என்பதெல்லாம் இங்கே பரம ரகசியம் இல்லை. எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. செய்கிறவர்கள் எதை நம்பிச் செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். வந்தவருக்கு விலை தெரியாது. நின்று பேச நேரம் இல்லை. நாளைக்குத் திரும்பி வந்து சண்டை போடமாட்டார். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் இந்த வேலை அவ்வளவாக நடக்காது, ஏனென்றால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் கட்டணப் பலகை கவுண்டரிலேயே இருக்கிறது. முத்துமாலைக்குப் பலகை கிடையாது.

ரோமிலும் கதை இதுதான். 'உஷாராக இருங்கள்' என்று பயணிகளுக்குச் சொல்லும் புத்திமதியால் பெரிய பலன் இல்லை என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து தூக்கம் கெட்டு இறங்கியவர் எவ்வளவு நேரம்தான் உஷாராக இருப்பார்? விலைப்பலகையைக் கையோடு கொண்டுபோவதுதான் நடக்கிற காரியம்.

பேராலயத்துக்கு டிக்கெட் இல்லை

புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். மேலே குவிமாடத்துக்கு ஏற மட்டும் டிக்கெட் உண்டு. முழுக்க நடந்தே ஏறினால் 551 படி. லாத்தரன் பேராலயம், போப் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மேரி மேஜர் பேராலயம், நகர் மதிலுக்கு வெளியே இருக்கும் பவுல் பேராலயம் எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம்தான். பழைய தகவலோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பு சும்மா போய்வந்த பாந்தியோன் என்ற பழைய ரோமானியக் கோவிலுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ கட்டணம் வந்துவிட்டது. அதைக் கேட்டால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

வத்திக்கான் அருங்காட்சியகம் வேறு கணக்கு. சிஸ்டைன் சிற்றாலயத்தைப் பார்க்க அதன் வழியாகத்தான் போகவேண்டும். டிக்கெட் 20 யூரோ, இணையத்தில் முன்பதிவு செய்தால் இன்னும் 5. தரகர்கள் மொய்ப்பது இங்கேதான். ஒத்தாவியானோ மெட்ரோ நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் படிவத்தோடு ஒருவர் நிற்பார். 'இந்தியாவா? வரிசை மூன்று மணி நேரம். பேராலயத்தையும் இன்று மூடப்போகிறார்கள். என்னோடு வந்தால் உடனே உள்ளே' என்பார். அவர் விற்பது பல சமயம் போலி டிக்கெட்டுகூட இல்லை. ஏதோ ஒரு குழுச் சுற்றுலாவில் இடம், அசல் விலையைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு. வழிகாட்டி எப்போது கிளம்புவார், என்ன மொழியில் பேசுவார் என்பதெல்லாம் பணம் கொடுத்த பிறகுதான் தெரியும். வரிசை நீளம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மைதான் அவருடைய முதலீடு.

இணையத்திலும் அதே ஆட்கள்தான், சட்டை மட்டும் வேறு. தேடினால் மேலே வரும் தளங்கள் பேதுரு பேராலயப் படத்தைப் போட்டு 'அதிகாரபூர்வ' என்று எழுதியிருக்கும். வத்திக்கானின் சொந்தத் தளங்களின் முகவரி 'டாட் வி.ஏ.' என்று முடியும். மற்றவை எல்லாம் இடைத்தரகர்கள். சிலர் நேர்மையானவர்கள், ஆனாலும் இடைத்தரகர்கள்தான்.

கொலோசியத்தில் இந்தக் கூத்து அரசாங்கமே தலையிடும் அளவுக்குப் போனது. டிக்கெட் 18 யூரோ. ஆனால் பயணிக்குக் கிடைக்காது, ஏனென்றால் தானியங்கி மென்பொருளை வைத்து யாரோ மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பிறகு அதே டிக்கெட் சுற்றுலாப் பொதியோடு சேர்ந்து கூடுதல் விலைக்கு வரும். 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள், அடையாள ஆவணம் காட்டவேண்டும். 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டிக் கட்டுப்பாட்டு ஆணையம், டிக்கெட் விற்பனையை நடத்திவந்த நிறுவனத்துக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. தெருவில் நிற்கும் தரகரை மட்டும் திட்டுவது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பக்தியை வைத்து நடக்கும் வியாபாரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் விலை கேட்கக் கூசுவது அங்கேதான். 'போப் ஆசீர்வதித்த ஜெபமாலை' என்று சொல்லிக் கூடுதல் விலை வைப்பார்கள். சாதாரண ஜெபமாலையை வாங்கிக்கொண்டு புதன்கிழமை சதுக்கத்துக்குப் போனால், நிகழ்ச்சியின் முடிவில் திருத்தந்தை தரும் ஆசீர், மக்கள் கையில் வைத்திருக்கும் பக்திப் பொருள்களுக்கும் சேர்த்துத்தான். ஆசீருக்கு விலை இல்லை. புனிதரின் திருப்பண்டம் என்று எலும்புத் துணுக்கையோ துணியையோ யாராவது விற்க வந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது. திருமண வெள்ளிவிழாவுக்குப் பெயர் எழுதி வாங்கிவரும் ஆசீர்ப் பத்திரம் இன்னொன்று. முன்பு சுற்றிலும் உள்ள கடைகள் வழியாகவும் கிடைத்தது. 2015 முதல் திருத்தந்தையின் தர்மகாரிய அலுவலகம் மட்டுமே வழங்குகிறது, அதில் வரும் பணம் ஏழைகளுக்குப் போகிறது. கடையில் 'உடனே எழுதித் தருகிறோம்' என்றால் அது வெறும் அழகான காகிதம்.

நாகர்கோவிலிலேயே தொடங்குவது

சில ஏமாற்றுகள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் போக எடுக்கும் விசாவுக்கு 'ஷெங்கன் விசா கேரண்டி' என்று யார் சொன்னாலும் அது பொய். தருவதும் மறுப்பதும் தூதரகத்தின் முடிவு, முகவருக்கு அதில் ஒரு கையும் இல்லை. பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அதற்கு மேல் முகவர் கேட்பது அவருடைய கூலி. கேட்கட்டும், தப்பில்லை, ஆனால் கூலி என்று சொல்லிக் கேட்கட்டும். 'எட்டியாஸ்' என்ற பெயரில் இன்னொரு அனுமதி வேண்டும் என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் வரக்கூடிய நாட்டுக்காரர்களுக்கு உரியது, விசா எடுத்துப் போகும் இந்தியருக்குத் தேவையே இல்லை. சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிடலாம் என்று லட்சக்கணக்கில் வாங்குவது தனி உலகம், அதை இங்கே தொடவில்லை.

குழுப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். தங்கும் விடுதியின் பெயரும் தெருவும் என்ன? 'ரோம்' என்று சொல்லிவிட்டு நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் தங்கவைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. எந்தெந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் பொதியில் சேர்ந்திருக்கிறது? பதிலில் 'பேதுரு பேராலய நுழைவு', 'பாப்பரசர் சந்திப்பு' என்று விலையோடு வந்தால் மேலே எழுதியதைக் காட்டுங்கள்.

தெருவில் நீளும் கை

ஸ்பானியப் படிகள், கொலோசியம், திரேவி நீரூற்று பக்கம் ஒருவர் சிரித்துக்கொண்டே வருவார். எந்த ஊர் என்று கேட்பார், இந்தியா என்றதும் ஒரு இந்தி நடிகர் பெயரைச் சொல்லிக் கைகுலுக்குவார். கையை விடுவதற்குள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டப்பட்டிருக்கும். 'பரிசு' என்பார். நாலு அடி நடந்ததும் 'குழந்தைக்குப் பால் வாங்க ஏதாவது' என்று தொடங்கும். ரோஜாப்பூவும் இப்படித்தான். அக்காவின் கையில் பூவைத் திணித்துவிட்டு, காசு அண்ணனிடம் கேட்கப்படும். ரோமானிய வீரன் வேஷத்தில் நின்று போட்டோவுக்குக் கூப்பிடுகிறவர்களும் முதலில் விலை சொல்லமாட்டார்கள். நகராட்சி அவர்களைப் பலமுறை தடைசெய்திருக்கிறது.

இதெல்லாம் பேராசைக்காரர்களைப் பிடிக்கும் வலை அல்ல. நீட்டிய கையை மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்களைப் பிடிக்கும் வலை. நம் பெரியவர்கள் அதில் விழுவது அதனால்தான். கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நிற்காமல், பதிலும் சொல்லாமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். 'நோ, நோ, தேங்க் யூ' என்று நின்று விளக்கம் சொன்னால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தத் தெருக்களில் பொருள் விற்கிறவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் செனகலிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். மழைத் தூறல் விழுந்த நிமிடமே எங்கிருந்தோ குடையோடு முளைப்பார்களே, அவர்கள் செய்வது நல்ல வியாபாரம், ஏமாற்று அல்ல. வளைகுடாவில் பாதி ஊரை வைத்திருக்கும் நாம் அவர்களைக் கண்டதும் திருடன் என்று ஒதுங்குவது அழகில்லை. ஆனால் நடைபாதைத் துணியில் பரப்பியிருக்கும் போலிப் பிராண்டு கைப்பையை மட்டும் வாங்காதீர்கள். இத்தாலியில் போலிப் பொருளை வாங்குகிறவருக்கும் 300 முதல் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு.

மீன் 100 கிராம் கணக்கில்

பியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரத்தின் பழைய மதிலுக்குள் போக டாக்ஸிக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் இருக்கிறது: 55 யூரோ. அது வண்டிக்கு, தலைக்கு அல்ல. பெட்டிகளுக்குத் தனியாகக் கிடையாது. உரிமம் பெற்ற வண்டி வெள்ளை நிறம், கூரையில் டாக்ஸிப் பலகை, பக்கவாட்டில் எண். விமான நிலைய வாசலுக்குள்ளேயே வந்து 'டாக்ஸி, டாக்ஸி' என்று பெட்டியைப் பிடிப்பவரிடம் இவை எதுவும் இருக்காது. தங்குமிடம் மதிலுக்கு வெளியே என்றால் மீட்டர் ஓடும், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரோ இருவரோ என்றால் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் லாபம். 14 யூரோ, எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி.

ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போதும், கடையில் கார்டு தேய்க்கும்போதும் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று திரை கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் புரியுமே என்று தோன்றும். யூரோவைத்தான் அமுக்கவேண்டும். ரூபாயை அமுக்கினால் மாற்று விலையை அந்த இயந்திரத்தின் சொந்தக்காரர் வைப்பார், அது நம் வங்கி வைப்பதைவிட மோசமாகவே இருக்கும். சட்டப்படி இது குற்றம் இல்லை, பொத்தான் அமுக்கியது நீங்கள்தானே.

சாப்பாட்டு விஷயத்தில் 2019-இல் ரோம் உலகம் முழுக்க நாறியது. சான்ட் ஆஞ்சலோ கோட்டை பக்கம் ஒரு ஓட்டலில் இரண்டு ஜப்பானியப் பெண்கள் மீன் போட்ட ஸ்பகெட்டி இரண்டு தட்டும் தண்ணீரும் வாங்கினார்கள். பில் 429 யூரோ 80 சென்ட், அதில் 80 யூரோ சேவைக்கு. இப்படிப்பட்ட பில்லுக்குப் பின்னால் வழக்கமாக இருப்பது ஒரு எளிய தந்திரம். மெனுவில் மீனுக்கு நேரே போட்டிருக்கும் விலை ஒரு தட்டுக்கு அல்ல, 100 கிராமுக்கு. மூலையில் சிறிய எழுத்தில் 'எட்டோ' என்று, அதாவது இத்தாலிய மொழியில் நூறு கிராம் என்று, இருக்கும். முக்கால் கிலோ மீனைக் கொண்டுவந்து காட்டி, 'இது நல்லா இருக்கும்' என்று பரிமாறுகிறவரே தேர்வு செய்து கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குளச்சலிலும் முட்டத்திலும் மீனைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தராசில் வைக்கச் சொல்லுங்கள், மொத்த விலையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மெனுவே காட்டாமல் உட்காரவைக்கும் இடத்தில் எழுந்துவிடுவது நல்லது.

குடிதண்ணீர் பாட்டிலுக்குச் செலவு செய்வதும் அனாவசியம். ரோமின் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் சில்லென்று, குடிக்க நன்றாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. எல்லாவற்றையும் ஏமாற்று என்று நினைத்து விடுதி வரவேற்பறையில் சத்தம் போடுவது. அறைக் கட்டணம் முழுவதும் கட்டியிருந்தாலும், தலைக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று தனியே கேட்பார்கள். அது நகராட்சி வரி, விடுதியின் தரத்தைப் பொறுத்து மாறும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வதும் அங்கே சட்டம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல மடங்கு, அதுவும் அந்த ஊர் வழக்கம். பஸ் டிக்கெட் வாங்கி வைத்திருந்தும் இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் பயணம் செய்தால் 50 யூரோவுக்கு மேல் அபராதம். பரிசோதகரிடம் 'காசு கொடுத்துத்தானே வாங்கினேன்' என்று வாதாடிப் பயனில்லை.

பர்ஸ் போனால்

டெர்மினியிலிருந்து பேதுரு பேராலயம் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ், அதே பக்கம் போகும் மெட்ரோ ஏ லைன் இரண்டும் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனவை. காரணம் ரகசியமில்லை. திருப்பயணிகள் எல்லாரும் அதில்தான் ஏறுகிறார்கள், நெரிசல் எப்போதும் உண்டு. தனி ஆள் வேலை இல்லை இது. ஒருவர் வாசலில் தடுமாறி வழியை அடைப்பார், பின்னால் இருப்பவர் எடுப்பார், எடுத்தது அடுத்த நொடியில் மூன்றாவது கைக்குப் போய்விடும். கதவு மூடும் நேரத்தில் இறங்கிவிடுவார்கள். அழுக்குச் சட்டையோடு வருவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம். நல்ல உடை, தோளில் பை, கையில் வரைபடம், நம்மைப்போலவே சுற்றுலாப் பயணி. மெட்ரோ டிக்கெட் இயந்திரத்தில் கேட்காமலே உதவிக்கு வருகிறவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். மஃப்டி போலீஸ் என்று சொல்லி 'கள்ளநோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டு' என்றால் பர்ஸை எடுக்காதீர்கள். 'காவல் நிலையத்துக்கு வந்து காட்டுகிறேன்' என்று சொல்லி 112-ஐ அழைக்கப் போனை எடுத்தாலே போதும்.

இவ்வளவு பகிரங்கமாகத் தெரிந்தும் போலீஸ் ஏன் ஒழிக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிடிக்காமல் இல்லை. 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, இந்த வகைத் திருட்டில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் முறையாகப் புகார் எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். பாதிக்கப்பட்டவர் யார்? நாளைக் காலை அசிசிக்கோ லூர்துக்கோ பஸ் ஏறவேண்டிய பயணி. காவல் நிலையத்தில் அரை நாள் உட்கார அவருக்கு நேரம் இல்லை, சாட்சி சொல்லத் திரும்பி வரப்போவதும் இல்லை. பிடிபட்டவர் கர்ப்பிணியாகவோ ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தாயாகவோ இருந்தால் சிறைத் தண்டனையைக் கட்டாயம் தள்ளிவைக்கவேண்டும் என்ற விதியும் முன்பு இருந்தது. 2025-இல் அது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. நம் கடற்கரையில் முத்துமாலை விற்கிறவர் நம்பும் அதே விஷயத்தைத்தான், பயணி திரும்பி வரமாட்டார் என்பதைத்தான், இவர்களும் நம்புகிறார்கள்.

அதனால் முன்னேற்பாடுதான் கையில் இருப்பது. தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குழு முழுக்க ஒரே மஞ்சள் தொப்பி போட்டுக்கொள்வது வழிதவறாமல் இருக்க நல்லதுதான், ஆனால் 'நாங்கள் வெளியூர்' என்று அதுவும் ஒரு பலகை. பணத்தை மூன்று பேரிடம் பிரித்து வையுங்கள், பாஸ்போர்ட்டைச் சட்டைக்கு உள்ளே கட்டும் பையில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு போட்டுக்கொள்ளலாம்.

அப்படியும் போய்விட்டால், முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு, நேரம் போனாலும் பரவாயில்லை என்று போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் பணம் கேட்க அந்தக் காகிதம் வேண்டும், பாஸ்போர்ட் போயிருந்தால் தூதரகத்திலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இந்தியத் தூதரகம் இருபதாம் செப்டம்பர் வீதியில், டெர்மினி நிலையத்திலிருந்து அதிகத் தூரமில்லாமல் இருக்கிறது. ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசாப் பக்கமும் நகலாக ஒன்று பெட்டியிலும், படமாக ஒன்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பிலும் இருந்தால் அந்த வேலை விரைவாக முடியும்.